பால் வாளியும் நீல நத்தையும்

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இப்போது அங்கே ஆய்வுக்கூட உதவியாளராக இருக்கிறவள். ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் எழுத வேண்டுமாம்.

"ஐயா, நீங்க தோட்டத்துல பட்ட கஷ்டம், அதுலேர்ந்து மேல வந்தது, அந்த மாதிரி உருக்கமா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உருகுவதற்கு நான் என்ன ஈயக்கட்டியா? தோட்டத்தில் எல்லாரும்தான் கஷ்டப்பட்டார்கள். அதை எழுதினால் படிக்கிறவனுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். "கடல்தண்ணித் தொட்டி எப்படிம்மா இருக்கு?" என்று பேச்சை மாற்றினேன்.

"அத எடுத்துட்டோம் ஐயா. அந்த இடத்துல பெரிய திரை மாட்டியாச்சு. மீனெல்லாம் அதுலயே ஓடும். தண்ணி மாத்த வேணாம், செத்தும் போவாது."

செத்துப் போகாத மீனை வைத்து என்ன கற்றுக்கொள்வது என்று கேட்டேன். மறுபடி அந்த ரெண்டு பக்கத்தையே நினைவுபடுத்தினாள். அதனால் மீன் செத்த கதையை எழுதுகிறேன். அதைக் கொன்றது எது என்பதையும் எழுதுகிறேன். வேண்டுமானால் அச்சடிக்கட்டும், இல்லாவிட்டால் விடட்டும்.

நான் பிறந்தது பத்து காஜா, லகாட் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டம். மூன்றாம் படிவம் வரை படித்தேன். இரண்டு வருஷம் புல்லுக்கு மருந்தடித்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஈப்போவில் இந்தக் கல்லூரியின் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு நாள்கூலி ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். எழுபதுகளின் நடுவில் அது. பயிற்சி என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கண்ணாடிச் சாமானைக் குழாய்த் தண்ணீரில் மூன்று முறை, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு முறை கழுவ வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். கடற்கரை ஊரான லுமுட்டிலிருந்து பீப்பாயில் வரும் கடல்தண்ணீரை இரண்டு நாள் இருட்டில் தெளிய விட வேண்டும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கடல்தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர், உப்பு இல்லை. இந்த ஒன்றைப் பட்டதாரிகளுக்கே நான் பின்னாளில் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தொட்டிக்குப் பொறுப்பு மிஸ் லியோங். உயிரியல் விரிவுரையாளர், நாற்பது வயது இருக்கும், சீனர். ஆனால் தமிழ் பேசுவார். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழ் என்பதால் அதில் மரியாதை கிடையாது. 'நீங்க' என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. கல்லூரி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி ஒரு வயதான தமிழர், சபரிமலைக்கெல்லாம் போய்வந்தவர். அவரையே "நீ ஏன்டா இந்த ஃபாரத்த லேட்டா குடுத்த?" என்று கேட்பார். கிராணி முதலில் சிவந்தார், பிறகு பழகிக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நீளமான குறிப்பேடு இருக்கும். பக்கத்தின் நடுவில் மிஸ் லியோங் பென்சிலால் கோடு போட்டிருப்பார். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. 'மீனுக்குப் பசி' என்று நான் ஒருநாள் இடது பக்கம் எழுதிவிட்டேன். கூப்பிட்டார்.

"பசி எங்க இருக்கு? காட்டு."

"மேல வந்து வாயத் தொறக்குது மிஸ்."

"அப்ப மேல வந்துச்சு, வாயத் தொறந்துச்சுன்னு எழுது. பசி அந்தப் பக்கம்."

இவ்வளவுதான் அவருடைய படிப்பு. நான் திட்டிக்கொண்டேதான் அதைக் கற்றேன்.

இன்னொரு ஆள் துரைராஜ் அண்ணன். மூத்த உதவியாளர். ஈப்போ டவுனில் பிறந்தவர், இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர், சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். வேலையில் சுத்தம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாயில் சுத்தம் கிடையாது. என்னைத் 'தோட்டக்காட்டான்' என்றுதான் மற்றவர்களிடம் சொல்வார். நேரில் கூப்பிடும்போது சுருக்கமாக, "டேய் தோட்டம்."

இரண்டு வருஷம் நாள்கூலியில் ஓடியது. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் தட்டச்சாகி பிரின்சிபல் மேசைக்குப் போய்விட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று கிராணி சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், அது முடிந்ததும் போட்டுவிடுவார் என்றார். அதிகாரிகளுக்குக் காட்டத்தான் தொட்டியை நாங்கள் பளபளவென்று வைத்திருந்தோம். நீல மீன்கள், ஒரு ஜோடி கோமாளி மீன், கோடு போட்ட சின்ன மீன்கள், இரண்டு இறால்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நானும் மிஸ் லியோங்கும் கல்லூரி வேனில் லுமுட் போய், படகு பிடித்து, பங்கோர் தீவுக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவில் இறங்கினோம். தண்ணீர் வற்றியிருந்தது. அவர் சிலுவாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பாறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மாரி, இங்க வா. ஓடாத. கல்லு வழுக்கும்."

பாறையின் அடியில், சாம்பல் நிறக் கடற்பஞ்சு ஒன்றின் மேல் அது உட்கார்ந்திருந்தது. என் சுண்டுவிரல் நீளம். கறுப்பு உடம்பு. அதன் மேல் தலையிலிருந்து வால்வரை நீலச் சாம்பலில் வரப்பு வரப்பாக மேடுகள். ஒவ்வொரு மேட்டிலும் மஞ்சள் மொட்டுகள், பெயிண்டைத் தொட்டு வைத்தது போல. முன்னால் இரண்டு மஞ்சள் கொம்புகள். இதை ஓடில்லாத கடல் நத்தை என்று சொல்லுங்கள். 'கடல் அட்டை' என்று எழுதாதீர்கள், அது வேறு பிராணி, சீனர்கள் சூப் வைப்பது.

"என்னா மிஸ் இது, ஜவுளிக்கட பட்டன் மாதிரி இருக்கு."

"கொம்ப பாரு. அதுதான் அதுக்கு மூக்கு. கண்ணு சும்மா பேருக்கு. மத்த நத்தைக்கு முதுகுல செவுள் பூ மாதிரி விரிஞ்சிருக்கும். இது பாவாடைக்கு அடியில மறைச்சு வச்சிருக்கு."

"செவுள மட்டும் மறைச்சு என்னா செய்ய? இவ்ளோ கலரா இருந்தா மீன் வந்து தின்னுராதா?"

"நீ மருந்தடிச்சவன்தான? மருந்து டின்னுல என்னா படம் இருக்கும்?"

"மண்டஓடு."

"ஏன்?"

"யாரும் எடுத்துக் குடிச்சிரக் கூடாதுன்னு."

"இதுவும் அதான்லா. மண்டஓட்ட முதுகுலயே வரைஞ்சுக்கிட்டுப் போவுது."

"அப்ப விஷத்த இதுவே செய்யுதா?"

"இது எங்க செய்யுது, சோம்பேறி. அந்தக் கடற்பஞ்சு செய்யுது. இது பல்லு கூட இல்லாம அத உறிஞ்சித் திங்குது. விஷத்த மட்டும் பிரிச்செடுத்துத் தோலுல வச்சிக்குது." கொஞ்சம் நிறுத்தி, "கடிச்சாத்தான் விஷம்னு புஸ்தகத்துல இருக்கு. நான் பாத்ததில்ல" என்றார்.

கொண்டுபோக வைத்திருந்த கண்ணாடி ஜாடியைப் படகுக்காரன் மிதித்து உடைத்துவிட்டான். பீப்பாய்கள் நிறையத் தொட்டிக்கான தண்ணீர். மிஞ்சியது என் வாளி. என் அக்கா இன்னொரு தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய பால் வாளி அது, அலுமினியம், மூடி இறுக்கமாகப் பிடிக்கும். லுமுட்டில் கிளிஞ்சல் வாங்கிப்போகலாம் என்று எடுத்து வந்திருந்தேன்.

"அதுல போடு" என்றார் மிஸ் லியோங். நத்தையைக் கடற்பஞ்சோடும் கல்லோடும் பெயர்த்து, கடல்தண்ணீர் விட்டு, மூடினேன். ஈப்போ வரும்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாளி என் காலிடுக்கில் ஆடிக்கொண்டே வந்தது. கல்லூரியில் மூடியைத் திறந்ததும் ஒரு நாற்றம் குப்பென்று அடித்தது.

"நத்தைய மட்டும் எடுத்துப் போடவா மிஸ்?"

"தண்ணியோட ஊத்து. ரெண்டும் கடல்தண்ணிதான்."

ஊற்றினேன். குறிப்பேட்டில் இடது பக்கம் எழுதினேன்: 'நத்தை ஒன்று, பால் வாளியில் வந்தது. தண்ணீரோடு தொட்டியில் ஊற்றியது. கையில் நாற்றம். சோப்புப் போட்டும் போகவில்லை. அமோனியா இல்லை, ஆசிட் இல்லை, ஒட்டுப்பால் இல்லை.' தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்த மூன்று நாற்றமும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அமோனியா மூக்கில் ஊசி குத்தும். பால் உறைய ஊற்றும் ஆசிட் பல் கூசுகிற மாதிரி ஏறும். மரத்தில் வழிந்து காய்ந்த ஒட்டுப்பால், செத்த எலி. இது வேறு. இனிப்பு போலவும் இருந்தது, குமட்டவும் செய்தது.

திங்கட்கிழமை காலை நான் போகும்போது துரைராஜ் அண்ணன் தொட்டியின் முன்னால் நின்றார். எல்லா மீனும் செத்திருந்தது. இறால் இரண்டும் செத்திருந்தது. நத்தை மட்டும் கண்ணாடியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல்.

"டேய் தோட்டம், நேத்து எதுலடா கொண்டாந்த?"

"பால் வாளி அண்ணே."

"பால் வாளி. மழக்காலத்துல பாலு கெட்டிப்படாம இருக்க அதுல என்னா ஊத்துவானுங்க?"

அமோனியாதான் ஊற்றுவார்கள். வாளியின் அடியில் ஊற்றி வைத்துக்கொண்டுதான் பால் எடுப்பார்கள். மீனுக்கு அது எமன் என்பது எனக்கே தெரியும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அந்த வாளியைத்தான் பார்த்திருப்பேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, அங்கே நின்ற மாணவர்களிடம் திரும்பி, "தோட்டக்காட்டானுங்களுக்கு வாளியும் ஒண்ணுதான், லேப்பும் ஒண்ணுதான்" என்றார் பாருங்கள், அதற்கு எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

பத்து மணிக்குப் பிரின்சிபல் கூப்பிட்டார். அவர் மலாய்க்காரர், அமைதியானவர். மேசையில் என் கடிதம் இருந்ததை நான் தலைகீழாகவே படித்தேன். துரைராஜ் அண்ணனிடம் எழுத்தில் அறிக்கை கேட்டார். தப்பு என் மேல் என்றால் இந்தக் கடிதம் கிடையாது, நாள்கூலியும் இந்த வாரத்தோடு சரி என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். முடிவாகும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். நான் மிஸ் லியோங்கைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "மிஸ், நீங்கதான ஊத்தச் சொன்னீங்க. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"என்னா சொல்ல?"

"மாரி செய்யலன்னு."

"எனக்கு எப்படித் தெரியும்? வாளியா இருக்கலாம். நத்தையா இருக்கலாம். நான் பாக்கலயே."

வேலையே போனாலும் சரி, இந்த அம்மாவை இரண்டு திட்டு திட்டிவிட்டுப் போகலாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவரே சொன்னார்: "நீ எழுதுனத படிச்சேன். நாத்தம்னு. அத சாட்சியா வைக்க முடியாது. ஆனா கேள்வி இருக்கு. புதன்கிழம பாத்துருவோம். எனக்கு உசுரோட சின்ன மீன் இருவது வேணும், உப்புத்தண்ணி மீன். நீதான் சும்மா இருக்கியே, போய்க் கொண்டா."

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, அந்த வாளியில அமோனியா ஊத்துனியா?"

"மழ நாள்ல ஊத்துவோம். எல்லாரும்தான் ஊத்துறோம். அதுக்கென்னா?"

"கழுவுனியா?"

"சாம்பல் போட்டுத் தேச்சேன். நீ எடுத்துட்டுப் போனப்ப கழுவுனியா?"

கழுவினேன், இரண்டு தடவை. மூன்றாவது தடவை கழுவவில்லை. கிளிஞ்சலுக்குத்தானே என்று நினைத்தேன். அன்று நான் சரியாகத் தூங்கவில்லை. நானே மீனைக் கொன்றேனோ என்ற எண்ணம் என்னிடமே இருந்தது, அதுதான் எரிச்சல். அடுத்தவன் மேல் கோபப்படுவது சுலபம். தன் மேலேயே சந்தேகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது கஷ்டமான வேலை.

செவ்வாய்க்கிழமை பஸ் மாறிப் பஸ் ஏறி, தெலுக் ஆன்சன் வழியாக ஹுத்தான் மெலிந்தாங் போனேன். எங்கள் தோட்டத்து அந்தோணி அங்கே மீன் இறக்கும் துறையில் வேலை செய்தான். விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், எல்லாரும் இங்க வந்து செத்த மீன் கேப்பான். நீ ஒருத்தன்தான் உசுரோட கேக்குற."

"வேல போவப் போவுதுடா. சிரிக்கிற."

"போனா இங்க வா. ஐஸ் ஒடைக்கலாம்."

ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கொசுவலைத் துணியால் மடவைக் குஞ்சுகளை வாரிக் கொடுத்தான். விரல் நீளம்கூட இல்லை. பெரிய பிளாஸ்டிக் பையில் தண்ணீர் பாதி, காற்று பாதி, ரப்பர் பட்டை போட்டுக் கட்டினோம். அந்தோணி தினமும் மாதாவுக்கு மெழுகுத்திரி வைக்கிறவன். பையின் மேல் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் கொடுத்தான். "மீனுக்காடா போட்ட, எனக்கா?" என்றேன். "எது பொழைக்குதோ அதுக்கு" என்றான்.

திரும்பி வந்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு மலாய் அம்மா, மடியில் கோழிக்கூடை. பையை விட்டு அவர் கண்ணை எடுக்கவேயில்லை. கறிக்கா என்று கேட்டார். இல்லை, பரீட்சைக்கு என்றேன். மீனுக்கா என்றார். எனக்கு என்றேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவரும் ஒரு கையால் பையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஈப்போ வந்து இறங்கும்போது, பாஸ் ஆகிவிடுவாய் என்றார். இரண்டு மூன்று குஞ்சுகள் மட்டும் வழியிலேயே சோர்ந்துவிட்டன. அந்தோணி எண்ணாமல் அள்ளிப் போட்டிருந்தான், அதனால் இருபது தேறியது.

புதன்கிழமை காலை. நான்கு எனாமல் பேசின்கள், ஒரே அளவு. முதலில் மூன்று பேசின்தான் போட்டிருந்தார் மிஸ் லியோங். ஒன்றில் வெறும் கடல்தண்ணீர். இரண்டாவதில், என் பால் வாளியில் மூடி போட்டு இரண்டு மணி நேரம் ஆட்டி வைத்த கடல்தண்ணீர். மூன்றாவதில், நத்தையைக் கண்ணாடி ஜாடியில் விட்டு அதேபோல் ஆட்டி, பிறகு நத்தையை எடுத்துவிட்ட தண்ணீர். துரைராஜ் அண்ணன் சாட்சி. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், இன்னொண்ணு வைங்க. அமோனியா கலந்தது. அதுல எப்படிச் சாவுதுன்னு பாத்தா, வாளித் தண்ணில சாவுறதும் அதே மாதிரியான்னு தெரியும்."

"நல்ல யோசன. வையி" என்றார் மிஸ் லியோங். எனக்கு அந்த ஆள் மேல் இன்னும் ஆத்திரம். ஆனால் யோசனை சரியானதுதான்.

எல்லாவற்றையும் என் கையாலேயே செய்யச் சொன்னார். துரைராஜ் அண்ணன் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வலையை ஒவ்வொரு பேசினுக்கும் தனியாகக் கழுவினேன். ஒவ்வொன்றிலும் ஐந்து குஞ்சு. எண்ணியதையே மறுபடி எண்ணினேன்.

அமோனியா பேசினில் உடனே தெரிந்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன, துள்ளின, போயின. மற்ற மூன்றும் சும்மா இருந்தன. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கிராணி ஒரு தடவை எட்டிப் பார்த்தார், "என்னாப்பா, ஆப்பரேஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அரை மணி கழித்து, வாளித் தண்ணீர்ப் பேசினில் ஒரு குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்தது.

"மிஸ்" என்றார் துரைராஜ் அண்ணன். சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

குஞ்சு திரும்பி நீந்தப் பார்த்தது, மறுபடி சாய்ந்தது, நின்றுவிட்டது. அந்தோணியோடு ஐஸ் உடைக்கிற நினைப்பு வந்தது.

"எழுது" என்றார் மிஸ் லியோங்.

"என்னா எழுத?"

"ஒண்ணு செத்துச்சு. நேரம் போடு."

எழுதினேன். துரைராஜ் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "இப்ப தெரிஞ்சிருச்சுல்ல. மிச்சத்தையும் ஏன் மிஸ் காத்துக்கிட்டு."

"ஒரு மணி நேரம்னு சொன்னேன். ஒரு மணி நேரம் ஆவுல."

பத்து நிமிஷம் போயிருக்கும். வெறும் கடல்தண்ணீர்ப் பேசினில் ஒரு குஞ்சு சாய்ந்தது. அதேபோல நீந்தப் பார்த்தது, அதேபோல நின்றுவிட்டது.

மிஸ் லியோங் குனிந்து பார்த்தார். பிறகு துரைராஜ் அண்ணனைப் பார்த்து, தன் மரியாதை இல்லாத தமிழில் கேட்டார்: "இந்தத் தண்ணி எந்த வாளியில இருந்துச்சுடா?"

"எதுலயும் இல்ல மிஸ். பீப்பாய்லேர்ந்து நேரா."

"அப்ப இது ஏன் செத்துச்சு?"

துரைராஜ் அண்ணன் யோசித்தார். நான் அவரைப் புகழ்வது அபூர்வம், ஆகவே கவனமாகப் படியுங்கள். பதிலை மழுப்பாமல் சொன்னார். "பஸ்ஸுல வந்த அலுப்பா இருக்கும் மிஸ். ரெண்டுலயும் ஒண்ணொண்ணு. ரெண்டும் ஒண்ணுதான்."

அதற்குள் நத்தைத் தண்ணீரில் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒரு குஞ்சு தன்னைத்தானே சுற்றியது, குடித்தவன் நடப்பது போல. அடுத்தது முக்குளித்து அடியில் மூக்கை வைத்து நின்றது. மேலே வந்து வாயைத் திறக்கவில்லை, அமோனியாவில் செத்தது போல இல்லவே இல்லை. ஒவ்வொன்றாகச் சுற்றி, தலைகீழாகி, அடங்கின. ஐந்தும் போனது. வாளித் தண்ணீரில் மிச்சம் நான்கும் கலகலவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்த நான்கு குஞ்சுகளையும் என் வாழ்நாளில் எந்தப் பெண்ணையும் பார்க்காத பார்வை பார்த்தேன்.

மிஸ் லியோங் நத்தையை எடுத்துத் துரைராஜ் அண்ணன் உள்ளங்கையில் வைத்தார். "மோந்து பாரு." மோந்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "இது அமோனியாவா?" "இல்ல மிஸ்." மறுநாள் அவர் மச்சினி கல்யாணம். கையால் சாப்பிட முடியாமல், இலையில் கரண்டி கேட்டு வாங்கினாராம். கிராணிதான் வந்து சொன்னார், இரண்டு தடவை.

அன்று சாயங்காலம் மிஸ் லியோங் அறிக்கை எழுதினார். நத்தை தொந்தரவுபட்டால் தோலிலிருந்து ஒரு கோழையை விடுகிறது. கடிக்கவே தேவையில்லை, மூடிய தண்ணீரில் அந்தக் கோழையே போதும். கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விடும், வாளியில் எங்கே போகும்? இரண்டு மணி நேரம் என் காலிடுக்கில் ஊறிய விஷத்தை நாங்கள் அப்படியே தொட்டியில் கவிழ்த்திருந்தோம். கடைசி வரியில், 'தண்ணீரோடு ஊற்றச் சொன்னது நான். தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துரைராஜ் அண்ணன் சாட்சிக் கையெழுத்தை நாளைக்குப் போடுகிறேன் என்றார். "இப்பவே அண்ணே" என்றேன். மூன்று பேனாவில் ஒன்றை எடுத்துப் போட்டார்.

பிரின்சிபல் அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். வியாழக்கிழமை முழுவதும் நான் தொட்டியைக் காலி செய்து, கழுவி, புதுக் கடல்தண்ணீர் நிரப்பினேன். போட மீன் இல்லை. நத்தையையும் அதன் கடற்பஞ்சையும் மட்டும் விட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரிகள் வந்தபோது, அவ்வளவு பெரிய தொட்டியில் அது ஒன்றுதான். ஆனால் விடியற்காலையில் அது கண்ணாடியின் மேல் வெள்ளை ரிப்பன் போல முட்டைச் சுருள் ஒன்றை ஒட்டி வைத்திருந்தது. அவர்களில் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் குனிந்து பார்த்தார். இது ஆணா பெண்ணா என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றார் மிஸ் லியோங் மலாயில். "ஒவ்வொண்ணும் ஆண், ஒவ்வொண்ணும் பெண். எப்பவோ இன்னொண்ண சந்திச்சிருக்கு, வாங்கினத சேத்து வச்சு இப்ப முட்டை விடுது."

பிரின்சிபல் தொண்டையைச் செருமினார். டத்தோ சிரித்தார். மீன் எங்கே என்று கேட்டார். பிரின்சிபல் மிஸ் லியோங்கைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்து, "நீ பாத்தவன், நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். என் உடைந்த மலாயில், வாளியிலிருந்து பேசின்வரை. டத்தோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அமோனியா பேசின் யாருடைய யோசனை என்று கேட்டார். துரைராஜ் அண்ணனைக் காட்டினேன், உண்மை அதுதான். முடிந்ததும் பிரின்சிபல் பெருமையாக என் தோளில் கை வைத்து, "இவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர்" என்றார்.

எனக்கு நாக்கு நிற்காது. "இன்னும் இல்ல துவான். நான் நாள்கூலி. என் கடிதம் போன வாரத்திலிருந்து உங்க மேசையில இருக்கு" என்றேன்.

மிஸ் லியோங் நத்தையை மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினார். டத்தோதான் முதலில் சிரித்தார். "நத்தையை விட மெதுவாக இருக்கிறதே உங்கள் அலுவலகம்" என்று பிரின்சிபலிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பிரின்சிபல் திரும்பி வந்து அரை மணியில் கடிதம் வந்தது. கொண்டு வந்தவர் துரைராஜ் அண்ணன். நான் முழங்கை வரை தொட்டிக்குள் இருந்தேன், இரண்டு கையிலும் நத்தையின் கோழை.

"கடுதாசி வந்திருச்சு மாரிமுத்து."

"கை ஈரமா இருக்கு அண்ணே."

அவர் உறையைக் கிழித்து, தாளை விரித்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நான் கையைத் துடைத்திருக்கலாம். துண்டு பக்கத்திலேயே இருந்தது. துடைக்கவில்லை. தலைப்பிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். அவருக்குக் கை வலித்திருக்கும், கொஞ்சம் இறக்கினார். "இன்னும் மேல அண்ணே" என்றேன். தூக்கினார். முதல் பக்கம் முடிந்தது.

"திருப்புங்க."

திருப்பினார்.